பிள்ளைகளோடு சிக்கன் விங் சாப்பிடப் போகிறீர்களா?

கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த தெருவான ஜாலான் ஆலோரில் கரியில் சுட்ட கோழி இறக்கையைக் குடும்பத்தோடு சாப்பிடப் போனால், மொத்தமாக ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் ஆளுக்கு இரண்டு போதும். தட்டு காலியாகும்போது அடுத்ததைச் சொல்லலாம். ஆறினால் தோலின் மொறுமொறுப்பு போய்விடும், அப்புறம் யாரும் தொடமாட்டார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நடுத்துண்டுதான் நல்லது. அதில் இரண்டு எலும்பு இருக்கும். முனையில் உள்ள குருத்தெலும்பைக் கிள்ளிவிட்டு, மெல்லிய எலும்பை முதலில் திருகி இழுங்கள். சதை கிழியாமல் வரும். பிறகு தடித்ததையும் உருவிவிடலாம். கொடுக்கும் முன் எலும்புச் சில்லு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இது முக்கியம்.

சில்லி சாஸைத் தனியாகக் கேளுங்கள். பெரியவர்கள் அதில் லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளலாம், அருமையாக இருக்கும்.

ஹலால் பார்ப்பவர்கள் உங்களோடு வந்தால், உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். அங்கே எல்லாக் கடையும் ஹலால் இல்லை.