ஒம்பதை விட்டுவிட்டு எண்ணுங்கள்: தமிழில் ஒரு காது டெஸ்ட் உருவாக்குவது எப்படி

தொடக்கநிலை 2இல் படிக்கும் ஒரு பையனை அவன் பாட்டி ஈசூனிலிருந்து சிங்கப்பூரில் உள்ள எங்கள் கிளினிக்குக் கூட்டி வந்திருந்தார். வகுப்பில் ஆசிரியர் சொல்வது அவனுக்கு விளங்குவதில்லை, சத்தமான இடத்தில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பீப் ஒலி வைத்துப் பார்க்கும் வழக்கமான டெஸ்ட்டில் இரண்டு காதிலும் ஒரு குறையும் இல்லை. அடுத்து, அமெரிக்கக் குரலில் பதிவான ஆங்கில வாக்கியங்களை இரைச்சலோடு கலந்து போட்டேன். பாதிக்கு மேல் தவறவிட்டான். செவிவழிச் செயலாக்கத்தில், அதாவது கேட்ட ஒலியை மூளை பிரித்தறிவதில், சிக்கல் இருக்கலாம் என்று அறிக்கை எழுதி நீட்டினேன். பாட்டி அதை வாங்கி மடித்தபடியே சொன்னார்: "அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குதும்மா. நீ போட்ட பாஷைதான் கேக்கல."

அவர் சொன்னதுதான் சரி. அந்த வீட்டில் பேச்செல்லாம் தமிழ். பையனின் ஆங்கிலத்துக்கு மார்க் போட்டுவிட்டு, அதைக் காதின் கணக்கில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் தமிழில் ஒரு பேச்சு டெஸ்ட் உருவாக்க உட்கார்ந்தேன். என்னைப் போல் செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டுகள், பேச்சுப் பயிற்சியாளர்கள், இந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதே வேலையில் இறங்கினால், நான் விழுந்த குழிகளில் நீங்களும் விழவேண்டாமே என்று எழுதுகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். காது ஒலியைப் பிடிப்பது ஒரு வேலை, மூளை அதைப் பிரித்து அடுக்குவது வேறு வேலை. இரண்டாவதில் கோளாறு இருந்தால் அமைதியான அறையில் தெரியாது, பேச்சைச் சற்றுக் கெடுத்துக் கொடுத்தால்தான் வெளிப்படும். 1954இல் இத்தாலியில் பொக்காவும் அவருடைய சகாக்களும் மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில் கட்டி இருந்தவர்களுக்கு, மேல் அலைவரிசைகளை வெட்டிய சொற்களைப் போட்டுப் பார்த்தார்கள். பீப் டெஸ்ட்டில் தேறியவர்கள் அதில் சறுக்கினார்கள். இரைச்சலில் பேச்சு, இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு சொல், வேகப்படுத்திய பேச்சு என்று இன்று நாம் செய்வதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பேச்சைக் கெடுக்கும்போது மொழியறிவு கை கொடுத்துத் தூக்கிவிடும், இல்லாதவனைக் கவிழ்த்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: நல்ல காதுள்ள பிள்ளை வேறு ஏதாவது காரணத்தால் இதைத் தவறவிடுமா?

எண்களிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பட்டியல் சின்னது, பதிலுக்குத் திரையைத் தொட்டால் போதும். நெதர்லாந்தில் ஸ்மிட்ஸ் குழு தொலைபேசி வழியாக நடத்தி 2004இல் வெளியிட்ட டெஸ்ட்டும் எண்கள்தான்: இரைச்சலில் மூன்று எண், சரியாகச் சொன்னால் இரைச்சலோடு ஒப்பிட்ட பேச்சின் அளவு 2 டெசிபெல் குறையும், தப்பினால் 2 டெசிபெல் ஏறும். கேட்பவர் பாதி சரி, பாதி தப்பு என்று நிற்கும் இடம்தான் அவருடைய அளவு. டச்சு மொழியில் ஏழும் ஒன்பதும் ஈரசை (யாப்பின் அசை அல்ல, ஆங்கிலத்தில் syllable என்பது) என்பதால் அவற்றை விட்டுவிட்டார்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு எண் கொடுக்கும் ஆங்கில டெஸ்ட்டில் அதே காரணத்துக்காக ஏழு இல்லை.

அந்தப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து ஏழைத் தூக்கிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன். தமிழில் வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் ஈரசை, வரிசையாக நிற்கிறது. ஒம்பது மட்டும் மூன்றசை. இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்காவிட்டாலும் நீளத்தை வைத்தே பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். நமக்கு வெளியே போகவேண்டியது ஒம்பதுதான். பத்து ஈரசை, வேண்டுமானால் சேர்க்கலாம். சுழியத்தைத் தொடவே வேண்டாம், ஒரு வீட்டில் சைபர், இன்னொரு வீட்டில் ஜீரோ, பள்ளியில் பூஜ்ஜியம்.

ஐந்தா, அஞ்சா? இதற்கே மூன்று கூட்டம் போட்டோம். உடன் வேலை செய்த தமிழாசிரியை எழுத்துத் தமிழ்தான் முறை என்றார். நான் பேச்சு வடிவத்தில் நின்றேன். 'ஐந்து, நான்கு, ஒன்று' என்று பிள்ளைகள் வாய்ப்பாட்டில் சொல்கிறார்கள், தேக்கா சந்தையில் காய் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. பள்ளிப் பாடத்திலும் பேச்சுத் தமிழுக்கு இடம் வந்துவிட்டது. ஆசிரியை கடைசியில் ஒப்புக்கொண்டார், 'ரெண்டு' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் முகம் கோணியது.

இன்னொன்று, சிங்கப்பூருக்கே உரியது. நம் பிள்ளைகள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், தொலைபேசி எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்து, வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ்க் குடும்பம் என்றால் தமிழில் எண்ணும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் எண் அட்டைகளைக் கலைத்து வைத்து, "ஏழு எடு, நாலு எடு" என்று சொல்லிப் பாருங்கள். யோசித்து எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். வீட்டுமொழியைப் பெற்றோரிடம் கேட்கும்போதும் 'என்ன மொழி' என்று கேட்காதீர்கள். அம்மாவோடு, அப்பாவோடு, பாட்டியோடு, வீட்டுப் பணிப்பெண்ணோடு, அண்ணன் தம்பியோடு என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள், படம் மாறிவிடும்.

சரி, சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் அவர்களுடைய பட்டியல்கள் அப்படி. தமிழில் கண், பல், கல் என்று எழுதலாம், பேசும்போது கண்ணு, பல்லு, கல்லு. குரல் கொடுப்பவர் 'கல்' என்று வெட்டிச் சொன்னால் பிள்ளை முழிக்கும். ஈரசைச் சொற்களாகவே எடுங்கள்.

ஆங்கில p ஒலியையும் b ஒலியையும் எதிரெதிரே வைக்கும் டெஸ்ட்டுகளும் நமக்கு உதவாது. தமிழ்ச் சொற்களில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை, எழுத்தும் ஒன்றுதான். வெறும் தமிழ்க் காது அதைத் தவறவிட்டால் அது நோயல்ல.

அப்படியானால் நமக்கே உரிய வேறுபாடுகளை எடுக்கலாமே என்று புலி, புளி படங்களோடு உற்சாகமாக ஆரம்பித்தேன். படம் வரைந்து கொடுத்த பெண்ணுக்கு 200 வெள்ளி. பல்லி, பள்ளி. தோல், தோள். எவ்வளவு அழகான இணைகள்! காதில் எந்தக் குறையும் இல்லாத 12 பிள்ளைகளை வைத்துப் பார்த்தேன். இரைச்சலே இல்லாமல், 7 பேர் புளிக்குப் புலியைத் தொட்டார்கள். அவர்களைப் பேசவிட்டுக் கேட்டால் அவர்கள் வாயிலேயே இரண்டும் ஒன்றுதான். ழகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேச்சில் கலந்துபோன வேறுபாட்டைக் காதில் தேடியிருக்கிறேன். படங்கள் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன.

எது நிலைத்து நிற்கிறது என்றால் குறில் நெடில். முட்டை, மூட்டை. முடி, மூடி. பட்டு, பாட்டு. வீட்டில் எந்தத் தமிழ் பேசினாலும் இது கலைவதில்லை, படமும் வரையலாம். அதிலும் ஒரு பொறி உண்டு. குடை, கூடை என்று போட்டுவிடாதீர்கள். பேச்சில் குடை 'கொடை' ஆகிவிடும், இலை 'எலை' ஆவதுபோல. அப்போது நீளம் மட்டுமா மாறுகிறது, உயிரே மாறிவிடுகிறது. முட்டைக்கு அந்த ஆபத்து இல்லை, நடுவில் 'ட்ட' இருப்பதால் 'மு' அப்படியே நிற்கும். பட்டியலை எழுதியதும் நான்கு வீட்டுப் பாட்டிகளிடம் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். எந்த அகராதியையும்விட வேகமாக வேலை முடியும்.

வாக்கியம் வேண்டும் என்பவர்களுக்கு, பெயர், எண், அடைமொழி, பொருள், வினை என்று ஐந்து பெட்டி, பெட்டிக்கு 10 சொல் என்று கலந்து கோக்கும் முறை இருக்கிறது. 1982இல் ஸ்வீடனில் ஹாகர்மன் தொடங்கியது. தமிழில் செய்தால் வினை கடைசியில் வரும், அது பெயரைக் காட்டிக்கொடுக்கும். 'வாங்கினாள்' என்று கேட்டதுமே முதல் பெட்டியில் பாதிப் பெயர் கழிந்துபோகும். உறவுமுறைகளை வைத்துத் தப்பித்தேன்: அத்தை, மாமா, தாத்தா, பாட்டி, சித்தி. எல்லாருக்கும் 'வாங்குனாங்க'தான். 'புது' என்ற அடைமொழியையும் எடுத்துவிட்டேன். புதுப் பை, புதுக் கூடை என்று ஒற்று மிகுந்து அடுத்த எழுத்தைச் சொல்லிவிடுகிறது. பெரிய, நல்ல, பழைய ஆகியவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

குரலுக்கு ஒலி 96.8 வானொலி அறிவிப்பாளர் போன்ற ஒருவரைத் தேடாதீர்கள். அவ்வளவு திருத்தமாகப் பேசும் அத்தை யாருக்கும் இல்லை. சென்னைக் குரலும் வேண்டாம், ஏற்ற இறக்கம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் புதிது. இங்கேயே பிறந்து வளர்ந்த, நிதானமாகப் பேசும் பெண் ஒருவர் கிடைத்தார், பாலர் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு எண்ணையும் ஐந்து முறை சொல்லச் சொல்லி, நடுவில் வந்த மூன்றில் ஒன்றை எடுத்தோம். முதல் முறை எல்லாரும் சத்தமாகச் சொல்வார்கள், கடைசி முறை களைப்பில் தொங்கும். ஏர்கானை நிறுத்திவிட்டுப் பதியுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. எங்கள் முதல் பதிவு முழுவதும் வெளியே ஒரு குயில். அடுத்த முறை ஒலி புகாத அறையை வாடகைக்கு எடுத்தோம்.

பதிந்ததை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வெட்டி, பிராட் என்ற இன்னொன்றில் ஒவ்வொன்றின் சராசரி ஒலி ஆற்றலையும் சமப்படுத்துங்கள். அதே அளவில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றையும் வைத்தால் ஹெட்ஃபோனை அளவு பார்க்கலாம். இரைச்சலை வெளியிலிருந்து எடுக்காதீர்கள். அந்தப் பெண்ணின் பதிவுகளையே தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை அடுக்கினால் சொல் கரைந்து ஒரு சீரான 'ஷ்ஷ்' மிஞ்சும், பேச்சின் அதே அலைவரிசைப் பரவலோடு. கோப்பிக்கடைப் பேச்சைப் பின்னணியாகப் போட எனக்கும் ஆசை இருந்தது. கேட்பவருக்குப் புரியும் மொழியில் பின்னணி பேசினால் அது கூடுதலாக மறைக்கும். பையனுக்குத் தமிழ் புரிகிறதா, ஆங்கிலம் புரிகிறதா என்ற கேள்வி மறுபடி பின்வாசல் வழியாக வந்துவிடும்.

இரண்டு காது டெஸ்ட்டுக்கு இடது தடத்தில் ஓர் எண், வலது தடத்தில் ஓர் எண், தொடக்கம் துல்லியமாகச் சேரவேண்டும். முடிவும் சேரவேண்டும் என்பதால் நீளம் ஒத்த பதிவுகளையே இணை சேருங்கள். மென்பொருளில் இழுத்து நீட்டினால் குரல் ரோபோ மாதிரி ஆகிவிடும். வலது காதில் விழுந்ததைக் கூடுதலாகச் சொல்வது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு, 1961இலேயே கிமுரா காட்டியது. அதைப் பார்த்துப் பதறி அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

அப்புறம்தான் பொறுமை தேவைப்படும் கட்டம். ஆற்றலைச் சமப்படுத்தினாலும் எண்கள் சமமாகக் கேட்காது. எங்கள் பதிவில் நாலும் ஆறும் இரைச்சலில் ஒன்றையொன்று விழுங்கின, அஞ்சு மட்டும் எப்போதும் தலை தூக்கியது. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை 20 டெசிபெல்லுக்குள் கேட்கும் பெரியவர்களை உட்காரவைத்து, பல இரைச்சல் அளவுகளில் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை சரியாகக் கேட்டது என்று வரைபடம் போடுங்கள். பாதி சரியாகும் புள்ளி எல்லா எண்ணுக்கும் ஒரே இடத்தில் வரும்படி ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். வரைபடம் செங்குத்தாக ஏறாமல் சாய்ந்து படுத்திருக்கும் பதிவை மறுபடி பதிவதே நல்லது.

பிள்ளைகளின் அளவுகோலைப் பெரியவர்களிடமிருந்து கடன் வாங்க முடியாது. 7 வயதுக்குக் கீழே மதிப்பெண்கள் அங்குமிங்கும் ஓடும், அதனால் அங்கிருந்து மேலே, வயது வாரியாகத் திரட்டுங்கள். பள்ளிக்குப் போவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெயரை நீக்கிய கோப்பு, எல்லாம் தயாராக இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்துச் சிலரையாவது மறுபடி சோதியுங்கள். மதியம் 2 மணிக்குச் செய்தால் காதையல்ல, தூக்கத்தை அளப்பீர்கள். ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் வழக்கமாகச் சிதறும் அளவின் இருமடங்கு) கீழே, அதுவும் இரண்டு டெஸ்ட்டிலாவது இருந்தால்தான் நான் எழுதுகிறேன்.

பேச்சே இல்லாத டெஸ்ட் ஒன்றைக் கூடவே வையுங்கள். சத்தத்தின் நடுவே விழும் சிறு இடைவெளியைக் கண்டுபிடிப்பது, மூன்று ஒலியில் எது உயரம் எது தாழ்வு என்பது. இரண்டாவதில் 'உயரம்' என்ற சொல்லே சிலருக்குக் குழப்பம், கீச்சா, கனமா, மேலா, கீழா? வாயால் முணுமுணுத்துக் காட்டச் சொல்லுங்கள். முணுமுணுக்க முடிந்து, பெயர் சொல்ல மட்டும் முடியாவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு தகவல்.

ஒவ்வோர் அறிக்கையிலும் டெஸ்ட் எந்த மொழி, எந்தப் பதிப்பு, யாருடைய குரல் என்று முதல் வரியில் எழுதுகிறேன். அந்தப் பையனை எட்டு மாதம் கழித்து மறுபடி வரவழைத்தேன். தமிழ் எண்களில் இரண்டு காதும் அவன் வயதுக்குரிய அளவில் இருந்தன, இடைவெளி டெஸ்ட்டிலும் தேறினான். பழைய அறிக்கையை ரத்து செய்து புதியதைப் பள்ளிக்கு அனுப்பினேன், ஆங்கிலப் பாடத்துக்குத் துணை தேவை என்று. பாட்டி தானும் ஹெட்ஃபோனை மாட்டிப் பார்க்கவேண்டும் என்றார். "ஒம்பது வரவே இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் கழற்றினார்.