தொட்டில் மோட்டாரின் ‘டக்’
கோலாலம்பூர், செந்தூல் அடுக்குமாடி வீட்டில் எங்கள் எட்டு மாத மகள் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலறி எழுந்தாள். மூன்று வாரம் இப்படியே. பல் முளைக்கிறதோ என்று பார்த்தோம், இல்லை. காதைச் சோதித்த டாக்டரும் ஒன்றுமில்லை என்றார். அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். மகள் அதற்கும் அசரவில்லை.

ஒருநாள் 2.10-க்கு விழித்துக் கிடந்தேன். மகள் தூங்கும் ஸ்பிரிங் துணித் தொட்டிலை ஆட்டும் மோட்டார் ‘டக்’ என்று நின்றது. துணி ஆடி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அழுகை. மோட்டாரின் டைமரைப் பார்த்தால், இரண்டு மணி நேரம்!

ஆட்டத்திலேயே தூங்கிப் பழகியவள், அரைத்தூக்கத்தில் அது இல்லாததைக் கண்டுகொள்கிறாள். டைமரைக் கூட்டாமல் தொட்டிலையே கழற்றினேன். குழந்தைக் கட்டிலில், கண் செருகும் முன்பே மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்தேன். முதல் இரவு 50 நிமிட அழுகை. ஒன்பதாம் இரவு பாலுக்கு மட்டும் ஒருமுறை எழுந்தாள்.