கணக்கு சரி, பாறை தப்பு: பொறியியல் நிலவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் நிலவியலில் மார்க் போவது பெரும்பாலும் கணக்கில் அல்ல. சூத்திரம் சரியாக இருக்கும், கூட்டல் சரியாக இருக்கும், கிராஃப்கூட அழகாக இருக்கும். ஆனால் முதல் எண்ணை எடுத்த இடத்திலேயே, பாறையைப் பார்த்த அந்த ஐந்து நிமிடத்திலேயே, தப்பு நடந்து முடிந்திருக்கும். வருஷா வருஷம் லேப் ரெக்கார்டும் களப்பயண ரிப்போர்ட்டும் திருத்துகிறவன் நான். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் கோர் பாக்ஸ். போர்ஹோலில், அதாவது தரையில் போட்ட துளையில், எடுத்த பாறைத் துண்டுகளை (கோர்) வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டி. 1960-களில் அமெரிக்கப் பொறியாளர் டீர் கொண்டுவந்த ஆர்.க்யூ.டி. (பாறையின் தரத்தைச் சொல்லும் சதவீதம்) கணக்கு மிக எளிது: 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டி, துளைத்த மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். எளிதாக இருப்பதாலேயே யோசிக்காமல் டேப்பை எடுத்துவிடுகிறார்கள்.

ஒரு ரன், அதாவது ஒரே தடவையில் துளைத்த நீளம், 150 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 32, 27, 18, 14, 11, 8, 6 செ.மீ. துண்டுகள், அதோடு 22 செ.மீ. அளவுக்கு நொறுங்கல். பத்துக்கு மேற்பட்டவற்றைக் கூட்டினால் 102. 150-ஆல் வகுத்தால் 68 சதவீதம். ‘சுமார்’ என்ற வகுப்பு. இப்போது அந்த 8-ஐயும் 6-ஐயும் கையில் எடுத்து முனையோடு முனை சேர்த்துப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது. உடைந்த முகம் புதிதாக, சொரசொரப்பாக, கறையே இல்லாமல் இருக்கிறது. அப்படியானால் அது பூமிக்குள் இருந்த விரிசல் அல்ல. துளைக்கும்போதோ பெட்டியில் வைக்கும்போதோ உடைந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே 14 செ.மீ. துண்டு. கூட்டுத்தொகை 116, ஆர்.க்யூ.டி. 77 சதவீதம், வகுப்பு ‘நன்று’. ஜாயின்ட், அதாவது பாறையில் இயற்கையாகவே இருந்த விரிசல், என்றால் முகத்தில் துருக்கறை, களிமண் படிவு, கால்சைட், வழுக்கிய தடம் என்று ஏதாவது ஓர் அடையாளம் பெரும்பாலும் இருக்கும்.

இதே பெட்டியில் இன்னொரு தவறும் நடக்கும். கையில் கிடைத்த கோர் 138 செ.மீ.தானே என்று 138-ஆல் வகுத்துவிடுவார்கள். 84 சதவீதம் வரும். கிடைக்காமல் போன 12 செ.மீ.தான் பெரும்பாலும் அந்த ரன்னிலேயே மிக மோசமான பகுதி. அதைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் பாறை தானாகவே நல்ல பாறையாகிவிடும்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. செங்குத்தான போர்ஹோலில் செங்குத்தான ஜாயின்ட்டுகள் பெரும்பாலும் சிக்கவே சிக்காது. ஆர்.க்யூ.டி. 95 சதவீதம் காட்டும். பக்கத்திலேயே மலையை வெட்டிய முகத்தில் 40 செ.மீ.க்கு ஒரு விரிசல் நேராக இறங்கியிருக்கும். எண்ணோடு போர்ஹோலின் சாய்வையும் எழுதாத ரிப்போர்ட்டை நான் முழுமையானதாக ஏற்பதில்லை.

அடுத்தது பாறையை அடையாளம் காண்பது. நிறத்தைப் பார்த்து பெயர் சொல்லும் பழக்கம் தமிழ்நாட்டு மாணவர்களை வழுக்கிவிடும் இடம் சார்னகைட் என்ற பாறை. கருப்பாக இருக்கிறதே என்று ‘பசால்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். புதிதாக உடைத்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பளபளப்பு. கண்ணுக்கே தெரியும் பருமனான மணிகள். நீலச் சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். பசால்ட்டில் மணிகளை இப்படித் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியலாளர் ஹாலண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். பல்லாவரத்துக் குன்றுகள்தான் இந்தப் பாறைக்கு மூல இடம். நம் வாசலில் கிடக்கும் கல்லை நாமே தப்பாகச் சொன்னால் மனசு வலிக்கிறது.

பெயரோடு இது முடிவதில்லை. நீலகிரியில் சார்னகைட் சிதைந்து ஆழமான செம்மண்ணாகிக் கிடக்கிறது; அந்த மண்ணுக்குள் சிதையாத உருண்டைப் பாறைகள் புதைந்திருக்கின்றன. துளைக்கும் பிட் அப்படி ஓர் உருண்டையில் முட்டியதும் ‘அடிப்பாறை 6 மீட்டரில்’ என்று எழுதினால், அஸ்திவாரத்தை மிதக்கும் கல்லின் மேல் வைக்கச் சொன்னதாகும். பாறை தட்டுப்பட்ட பிறகும் சில மீட்டர் தொடர்ந்து துளைத்து உறுதி செய்வது இதற்காகத்தான்.

காம்பஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தியல், செல்போன் இரண்டையும் தள்ளி வையுங்கள். சேலம் கஞ்சமலை போன்ற மேக்னடைட் பாறைப் பகுதியில் முள்ளை நம்பவே வேண்டாம். தூரத்து அடையாளங்களையும் வரைபடத்தையும் வைத்துத் திசையை எடுங்கள்.

ஆனால் டிப் (பாறைப் பரப்பு கிடைமட்டத்திலிருந்து கீழே சாயும் கோணம்) எந்தத் திசையில் என்பதை விட்டுவிடுவதை இப்படிச் சுருக்கமாகக் கடந்துபோக முடியாது. ‘ஸ்ட்ரைக் 040, டிப் 60’ என்று நோட்டில் இருக்கிறது. ஸ்ட்ரைக் என்பது அந்தப் பரப்பின் மேல் கிடைமட்டக் கோடு ஓடும் திசை. எந்தப் பக்கம் 60? தென்கிழக்கா, வடமேற்கா? சாலைச் சரிவு தென்கிழக்கைப் பார்த்து இதைவிடச் செங்குத்தாக இருந்தால், முதல் விடையில் பாறைப் பாளம் சாலையை நோக்கிச் சரியக் காத்திருக்கிறது. இரண்டாம் விடையில் மலைக்குள் சாய்ந்து கிடக்கிறது. ஸ்டீரியோநெட்டில் (திசையையும் சாய்வையும் குறிக்கும் வட்டப் படத்தில்) எவ்வளவு நுணுக்கமாகக் குறித்தாலும் இந்த ஒற்றைச் சொல் இல்லாவிட்டால் பயனில்லை. பிரான்ஸின் தெற்கே மால்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட்டில் குறை இருக்கவில்லை. இடது கரையில் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையின் அடுக்குப் போக்கும், கீழ்ப்பக்கம் இருந்த ஒரு பிளவும் சேர்ந்து, நீர் அழுத்தத்தில் ஒரு பாறைக் கூறே நகர்ந்துவிட்டது. வகுப்பில் நாம் குறிக்கும் அதே திசையும் சாய்வும்தான் அங்கே உயிர் பிரச்சினையாக இருந்தன.

குறுக்குவெட்டுப் படம் வரையும்போது களத்தில் அளந்த டிப்பை அப்படியே போட்டுவிடுவதும் வழக்கமான தவறு. வெட்டுக்கோடு ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது சரி. உண்மையான டிப் 60 டிகிரி, கோடு ஸ்ட்ரைக்கோடு 30 டிகிரி கோணத்தில் போகிறது என்றால், படத்தில் தெரிய வேண்டியது 41 டிகிரிதான். சுரங்கப்பாதை எந்த இடத்தில் மென்பாறைக்குள் நுழையும் என்ற கேள்விக்கு இந்த 19 டிகிரி வித்தியாசம் பல மீட்டர் தள்ளி விடை தரும்.

சரிவு நிலைப்புக் கணக்கில் காப்புக் காரணி (சரிவைத் தாங்கும் விசையைச் சரிக்கும் விசையால் வகுத்த எண்) 1.237 என்று வருகிறது. அதற்குப் போட்ட உராய்வுக் கோணம் எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேட்டால், புத்தக அட்டவணையில் 30 முதல் 35 வரை இருந்தது, 32 எடுத்தேன் என்று பதில் வரும். அப்படியானால் 30-க்கும் 35-க்கும் தனித்தனியாகப் போட்டு, இரண்டு விடைகளையும் எழுதுங்கள். ஏற்கெனவே ஒருமுறை நழுவிய பரப்பு என்றால் உச்ச வலிமையை (நழுவுவதற்கு முன் இருந்த அதிகபட்ச வலிமையை) போடவே கூடாது, நழுவிய பின் எஞ்சும் மிச்ச வலிமைதான். இத்தாலியின் வயோன்ட் நீர்த்தேக்கத்தில் 1963 அக்டோபர் 9 அன்று சரிந்த டாக் மலைச் சரிவில் இருந்ததும் களிமண் படிந்த பழைய நழுவல் பரப்புதான். சுமார் 2000 பேர் இறந்தார்கள். அணை மட்டும் உடையாமல் நின்றது.

கடைசியாக, தண்ணீர். களப்பயணம் பெரும்பாலும் வெயில் காலத்தில் நடக்கிறது. பாறை முகம் காய்ந்து கிடக்கும். ஆர்.எம்.ஆர். (பாறைத் தொகுதிக்குப் புள்ளி போட்டுத் தரம் பிரிக்கும் முறை) அட்டவணையில் ‘முற்றிலும் உலர்ந்தது’ என்பதற்கு 15 புள்ளி. நீர் வழிந்தோடினால் 0. எல்லோரும் 15 போட்டுவிட்டு வருகிறார்கள். அதே நீலகிரியில் 2009 நவம்பரில் கொட்டிய மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. ஜாயின்ட்டின் ஓரத்தில் வெள்ளைப் படிவு, பாசித் தடம், துருக்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தண்ணீர் வருமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு நோட்டில் எழுதி, புள்ளியை மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு வரிசையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.