அடி, இல்ல ஓடுன்னு உடம்பு சொல்லும்போது நாம செய்யுத தப்புகள்

பாளையங்கோட்டையில ஒரு சின்ன கிளினிக்ல வாரவங்களுக்கு பிரஷர் பாத்து சீட்டுல எழுதுதது என் வேலை. போன மாசம் முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்தாவ, ரெண்டு பஸ் மாறி, நின்னுக்கிட்டே வந்து, நம்பர் போயிரக்கூடாதேன்னு மாடிப்படியில வேகமா ஏறி, ஸ்டூல்ல உக்காந்த உடனே கைய நீட்டிட்டாவ. 168க்கு 96. மூஞ்சி வாடிட்டு. "தாயி, எனக்கும் பிரஷர் வந்துட்டா? எங்க அம்மைக்கும் இதுதான் வந்துச்சு"ன்னு கண்ணு கலங்குது. பட்டைய கழட்டிட்டு ஃபேனுக்குக் கீழ சேர்ல சாய்ஞ்சு உக்கார வச்சேன், ரெண்டு காலும் தரையில, கை மேசை மேல, பேசக்கூடாது ஆச்சின்னு சொல்லிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு பாத்தா 138க்கு 84. அதே ஆச்சி, அதே கை, அதே மெஷின்.

நடுவுல எறங்குனது படி ஏறுன மூச்சும் மனசுல இருந்த பதட்டமும்தான். 1915லயே வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி இத விளக்கி எழுதிட்டார். ஆபத்துன்னு மூளைக்குத் தோணுனா போதும், கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி இருக்க ரெண்டு சுரப்பியும் அட்ரினலின்னு ஒரு ஹார்மோன ரத்தத்துல கொட்டுது. நெஞ்சு வேகமா அடிக்கு, ஈரல் சர்க்கரைய அவுத்து விடுது, வயித்துக்குப் போற ரத்தம் கொறஞ்சு கை கால் தசைக்குத் திரும்புது. சண்டை போடணும், இல்ல ஓடணும், அதுக்கு உடம்பு ரெடி ஆவுது. நம்ம ஆச்சிமாரு இத வேற வார்த்தையில சொல்லியிருக்காவ, அடிவயித்தக் கலக்குது, நாக்கு ஒட்டிக்கிடுச்சு, கை வெலவெலத்துப் போச்சுன்னு. எல்லாமே உடம்புக்குள்ள நெசமா நடக்க காரியம், யாரும் நடிக்கல.

எங்க சித்தப்பாவுக்கு பாபநாசம் பக்கம் வயல். விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போனவரு வரப்புல கரடியப் பாத்துட்டாரு. மம்பட்டிய போட்டுட்டு ஓடி ஒரு ஆள் உயரச் சுவர ஏறிக் குதிச்சிருக்காரு, இன்னைக்கு ஏறச் சொன்னா முடியாது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கை ஒதறுச்சு, அப்புறம் கதைய சொல்லிட்டு மூணு தோசை சாப்பிட்டாரு. ஈரல் அவுத்து விட்ட சர்க்கரை ஓட்டத்துலயே செலவாயிட்டு.

எங்க மைனிக்கு அப்படி இல்ல. அவ பீடி சுத்துதா. செவ்வாய்க்கிழமை குழு லோன் டியூ. திங்கக்கிழமை சாயங்காலம் போன் அடிச்சாலே சித்தப்பாவுக்கு கரடியப் பாத்து வந்த அதே படபடப்பு அவளுக்கு வருது, ஆனா எங்க ஓட? பீடித் தட்டு மடியில, இலை நறுக்கணும், நூல் கட்டணும், உக்காந்த எடத்துலயே இருக்கா. கால் ஓடதுக்குன்னு வந்த சர்க்கரையும் ரத்தமும் அப்படியே நிக்கு. இது வாரா வாரம், வருஷக் கணக்குல நடந்தா கார்டிசோல்னு இன்னொரு ஹார்மோனும் அடிக்கடி ஏறிக்கிட்டே இருக்கும், தூக்கம் கெடும், பிரஷர் சுகர் கூடதுக்கும் அது வழி பண்ணும்.

இந்த எடத்துலதான் நாம தப்பு மேல தப்பு பண்ணுதோம்.

மொதல்ல, பக்கத்துல இருக்கவங்க "டென்ஷன் ஆகாத, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லுதது. அட்ரினலின் ரத்தத்துல எறங்குன பிறகு வாயால சொன்னா அது திரும்பிப் போகாது. கேக்கவங்களுக்கு நம்மள யாரும் புரிஞ்சுக்கலயேன்னு இன்னொரு பாரம்தான் ஏறும். பக்கத்துல உக்காந்து கொஞ்சம் தண்ணி குடுங்க, போதும்.

ரெண்டாவது, நல்லா மூச்ச இழு இழுன்னு சொல்லுதது. எல்லாரும் இத நல்லதுன்னு நெனச்சுத்தான் செய்யுதாவ. படபடப்புல இருக்கவங்க பெருசு பெருசா வேகமா இழுத்தா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு விரல் நுனி மரத்துப் போகும், உதட்டச் சுத்தி குறுகுறுங்கும், தல சுத்தும், ஐயோ பக்கவாதமோன்னு இன்னும் பயந்துருவாவ. மூச்ச விடுததுதான் முக்கியம். மூக்கு வழியா நாலு எண்ணி மெதுவா இழுங்க, ஆறு எண்ணி மெதுவா விடுங்க. வெளிய விடும்போது, மூளையில இருந்து நெஞ்சுக்கு வார வேகஸ்னு ஒரு நரம்பு வேலை செஞ்சு நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் கொறையும், மணிக்கட்டுல விரல வச்சு நாடி பாத்தா உங்களுக்கே தெரியும். ஒரு அஞ்சு நிமிஷம் செஞ்சு பாருங்க.

மூணாவது, டீயும் பீடியும். மனசு சரியில்லன்னா நம்ம ஆம்பளையாளுக மொதல்ல டீக்கடைக்குத்தான் போறாவ. அங்க போயி பேசுததுல தப்பே இல்ல, அது நல்லது. ஆனா நிக்கோட்டின் தன்னாலயே அட்ரினலின கூட்டுது, அடிச்சுக்கிட்டு இருக்க நெஞ்ச இன்னும் அடிக்க வைக்குது. டீ காபியில இருக்க காஃபின்ல பாதி கழியவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆவும், அப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு குடிச்ச ஸ்ட்ராங் டீ ராத்திரி பதினொண்ணுக்கும் பாதி ரத்தத்துல இருக்கு, தூக்கம் வரலன்னா காரணம் இதாவும் இருக்கலாம். தூக்கம் வரலன்னு மெடிக்கல்ல தானா மாத்திரை கேட்டு வாங்குததும் வேண்டாம், தயவுசெஞ்சு.

அடுத்தது, அந்தச் சூட்டோட வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போடுதது. சண்டைக்கு ரெடியான உடம்பு பேசுத பேச்சு அது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிஞ்சதெல்லாம் இப்படித்தான். அட்ரினலின் சில நிமிஷத்துல எறங்கிரும், கார்டிசோல் எறங்க ஒரு மணி நேரம் கூட ஆவும். அது வரைக்கும் போன கீழ வச்சுட்டு எந்திரிச்சு நடங்க. கால் ஓடதுக்கு வந்தத காலுக்கே குடுங்க, தெருக் கோடி வரைக்கும் போயிட்டு வந்தா போதும். மைனி இப்ப போன் வந்தா தட்ட எறக்கி வச்சுட்டு குடத்த எடுத்துக்கிட்டு அடிபம்புக்குப் போயிருதா. டியூ ஒண்ணும் கொறையல, ராத்திரி சோறு எறங்குது.

இனி சொல்லுதது எல்லாத்தவிடயும் பெரிய தப்பு. நெஞ்சு பாரத்த "டென்ஷன்தான்", "கேஸ்தான்"னு தானே முடிவு பண்ணி சோடாவ குடிச்சுட்டு படுத்துக்கிடுதது. நெஞ்ச அமுக்குத மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, குப்புன்னு வேர்க்கு, மூச்சு திணறுதுன்னா உடனே 108க்கு போன் போடுங்க. சுகர் உள்ளவங்களுக்கும் பொம்பளைகளுக்கும் பெருசா வலியே இல்லாம வெறும் அசதியும் வேர்வையுமா கூட மாரடைப்பு வரும். ஈசிஜி எடுத்து பாத்து டாக்டர் சொன்ன பிறகுதான் அது டென்ஷன், அதுக்கு முந்தி இல்ல. இதுக்கு நேர் எதிரா, இதயம் நல்லா இருக்குன்னு சொன்ன பிறகும் நம்பாம அஞ்சு எடத்துல அஞ்சு ஈசிஜி எடுக்கவங்களையும் பாக்கேன், பாவம், அவங்களுக்கு வேண்டியது ஆறாவது ஈசிஜி இல்ல, மனசுக்குப் பாக்க டாக்டர்.

பிரஷரும் அப்படித்தான். ஒரே ஒரு தடவ பாத்து, ஐயோ வந்துட்டுன்னு பயப்படாதீங்க, கொறஞ்சுட்டுன்னு மாத்திரைய நிப்பாட்டவும் செய்யாதீங்க. பாக்கதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீயோ பீடியோ வேண்டாம், ஒண்ணுக்கு போயிட்டு வாங்க, அஞ்சு நிமிஷமாவது சும்மா உக்காருங்க. நர்ஸ் அவசரப்பட்டாலும் "கொஞ்சம் உக்காந்துட்டு வாரேம்மா"ன்னு சொல்லுங்க. ஆச்சிய ஒரு வாரம் வேற வேற நாள்ல பாத்துட்டு வரச் சொல்லியிருக்கார் டாக்டர், மருந்து வேணுமா வேண்டாமான்னு அதுக்குப் பிறகுதான்.

2023 டிசம்பர் 17, 18 மழைய இங்க யாரும் மறக்கல. தாமிரபரணி தெருவுக்குள்ள வந்து, ராத்திரியோட ராத்திரியா பிள்ளைகள தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓடுனவங்க, இன்னைக்கும் ராத்திரி தகரத்துல மழை சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துருதாவ, நெஞ்சு அடிக்கு, ஒருக்கா வாசல்ல போயி தண்ணி வருதான்னு பாத்துட்டு வந்தாத்தான் படுக்க முடியுது. அவங்களப் பாத்து "இன்னுமா பயப்படுத"ன்னு கேக்காதீங்க. மூளைக்குள்ள அமிக்டலான்னு ஒரு சின்ன பகுதி அந்தச் சத்தத்த ஆபத்தோட சேத்து முடிச்சு போட்டு வச்சிருக்கு, யோசிச்சு முடிக்கதுக்குள்ள அது மணி அடிச்சிரும். அவிழ்க்க நாள் ஆவும், அவிழ்க்கவும் முடியும். வாரக் கணக்கா தூக்கம் இல்ல, சோறு எறங்கல, வேலை ஓடலன்னா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ், காசு கிடையாது, நடுராத்திரியும் எடுப்பாவ, தமிழ்லயே பேசலாம். "மழை பெஞ்சா பயமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாலே போதும், மிச்சத்த அவங்களே கேப்பாவ.