மூவர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை நிறைவாக்குவது எப்படி?

ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று மூவரே வாசிக்கும் குழுவில் கிட்டார் மெலிந்து ஒலித்தால், பலரும் முதலில் ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழையும் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழையும்தான் கூட்டுவார்கள். அப்படிச் செய்வதால் ஒலி நிறைவதைவிடக் கலங்கிப்போவதே அதிகம்.

வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியோ அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கீழ்ப்பகுதியைப் பேஸும் கிக் டிரம்மும், மேல்பகுதியைச் சிம்பல்களும் பிடித்துக்கொள்வதால், கிட்டாருக்கு எஞ்சுவது நடுப்பகுதிதான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நடுப்பகுதிக்கான மிட் குமிழைக் குறைத்து வைத்தால் ஒலி கம்பீரமாகத் தோன்றும். ஆனால் அதே அமைப்பு குழுவின் நடுவே காணாமல் போய்விடும். ஆகவே பேஸ் குமிழைப் பாதிக்குச் சற்றுக் கீழும் மிட் குமிழைப் பாதிக்கு மேலும் வைத்துத் தொடங்கி, மற்ற இருவரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே திருத்துங்கள். தனியாகக் கேட்கும்போது ஒலி கொஞ்சம் மூக்கடைத்ததுபோல் இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம்.

கெயினைப் பொறுத்தவரை, நினைத்ததைவிடக் குறைவாக வைப்பதே நல்லது. டிஸ்டார்ஷன் (கெயின் தரும் கரகரப்பு) கூடக் கூட, மெல்லிய மீட்டலுக்கும் வலுவான மீட்டலுக்கும் இடையிலான வேறுபாடு தேய்ந்து, தாளத்தின் அழுத்தம் மறைந்துவிடுகிறது. இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு: டிஸ்டார்ஷன் வழியே இரண்டு சுரங்கள் சேர்ந்து செல்லும்போது அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டுக்குச் சமமான புதிய சுரமும் பிறக்கிறது. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேர்ந்த பவர் கார்டில் (இரண்டு சுரங்கள் மட்டும் கொண்ட கார்டு, அதாவது சுரக்கூட்டு) இந்த வேறுபாடு 55 ஹெர்ட்ஸ் ஆகும். அது பேஸ் கிட்டாரின் ஏ கம்பி தரும் அதே சுரம். பவர் கார்டு இரண்டே சுரங்களால் அவ்வளவு கனமாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்தாறு சுரங்கள் கொண்ட கார்டில் இத்தகைய வேறுபாடுகள் பல பிறந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஆதலால் கெயின் அதிகமாக உள்ள பகுதிகளில் இரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொண்டு, முழுக் கார்டுகளைக் கெயின் குறைந்த இடங்களுக்கு ஒதுக்குங்கள். கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தாலே கெயினும் குறைந்துவிடும்.

கெயின் குறைந்த அந்த இடங்களில் கார்டின் மூலச் சுரத்தைப் பேஸ் வாசிப்பவரிடம் விட்டுவிட்டு, மேல் கம்பிகளில் ஒன்றிரண்டை விரலால் அழுத்தாமல் திறந்தபடி ஒலிக்கவிட்டால், ஒரு கிட்டார் இரண்டுபோல் விரியும். பாட்டின் நடுவே கிட்டார் சோலோ வாசிக்கும்போது, அடியில் கார்டுகளை வாசிக்கும் ரிதம் கிட்டார் இல்லாத வெறுமையைப் பெடல்களால் (காலால் இயக்கி ஒலியை மாற்றும் கருவிகளால்) முழுவதும் மறைக்க முடியாது. அந்த நேரத்தில் பேஸ் வாசிப்பவர் தன் ஒலிக்குச் சிறிது ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) சேர்த்து, மேல் ஸ்தாயிச் சுரங்களையும் தொட்டு வாசிப்பதே அதற்குச் சரியான மாற்று.

இவ்வளவும் அமைந்த பிறகுதான் எதிரொலி தரும் டிலே பெடலை நாட வேண்டும். ஏறத்தாழ 100 மில்லிவினாடியில் ஒரே ஒரு எதிரொலியை, மூல ஒலியைவிடத் தெளிவாகத் தாழ்த்தி வைத்தால் போதும். ரிவெர்பை (அறையில் ஒலி நீண்டு முழங்குவது போன்ற விளைவை) நான் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன், ஏனெனில் அரங்கமே அதைத் தந்துவிடுகிறது. கடைசியாக, ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் உயர்த்தியோ சாய்த்தோ வையுங்கள்: ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேர்க்கோட்டில் செல்வதால், முழங்காலை நோக்கி வாசிக்கும் ஆம்ப்பைக் காதால் சரியாக மதிப்பிட முடியாது.