அரிட்டாபட்டி மலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வயலும் கண்மாயும் பாறைக் குன்றுகளுமாக இருக்கும் அமைதியான ஊர் அரிட்டாபட்டி. இங்குள்ள கழிஞ்சமலைக் குகையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்கள் தங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. தாராளமாகப் போய்ப் பாருங்கள். ஆனால் சிலவற்றைச் செய்யாதீர்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது, எழுத்து படத்தில் விழவில்லை என்று கல்வெட்டின் மேல் சாக்பீஸோ மாவோ தேய்ப்பது. குகை முகப்பில் இருப்பவை ஆழமில்லாத தமிழி எழுத்துகள், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம். நெல்வெளியைச் சேர்ந்த வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. குகைக்கு அதில் 'முழாகை' என்ற சொல் வருகிறது. உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். காலையிலோ மாலையிலோ போங்கள். இல்லையென்றால் டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து வரும். தொடவே வேண்டாம்.

முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கையில் படுத்து போட்டோ எடுப்பது, சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் சிற்பத்தின் மேல் சாய்வது, பெயர் கிறுக்குவது எல்லாமே கூடாது. அந்தச் சிற்பத்தின் கீழும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

இங்கே பாறையைக் குடைந்து செய்த குடைவரைச் சிவன் கோயிலை அருங்காட்சியகம் போல நினைத்துச் செருப்போடு நுழைந்துவிடாதீர்கள், அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. அப்புறம், வெளிச்சுவரில் இருக்கும் இலகுலீசரை, சிவனின் வடிவமாகக் கருதப்படும் பாசுபத சைவ குருவை, பார்க்காமல் திரும்பாதீர்கள். தமிழ்நாட்டில் அவரைக் காண்பது அரிது.

டிரோன் விடுவதும் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பதும் பெரிய தவறு. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் வாழும் பாறைகள் இவை. கூட்டருகே சத்தம் கூடினால் பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும்.

ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே மலையேறுவதும் சரியில்லை. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது தெரிந்ததும் சுற்றுவட்டார ஊர்களோடு சேர்ந்து போராடியவர்கள் இவர்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. வழி கேளுங்கள், வயல் வரப்பில் வண்டியை ஏற்றாதீர்கள்.

குடிநீரும் குப்பைக்கு ஒரு பையும் கையோடு இருக்கட்டும். மலையில் விழும் மழை கண்மாய்க்கும், அங்கிருந்து வயலுக்கும் போகிறது. மேலே உடைத்த பாட்டிலின் சில்லு, நாற்று நடுகிற யாரோ ஒருவரின் காலில்தான் ஏறும்.