கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே பிசிறில்லாத கோடு

நிலை சுவரைத் தொடுகிற இடத்தில் பெயிண்ட் பிசிறடிப்பதற்குக் கை நடுக்கத்தைவிட அங்கே இருக்கிற இடுக்குதான் பெரிய காரணம். முதலில் அதை அக்ரிலிக் சீலன்ட் வைத்து அடைத்து, ஈர விரலால் இழுத்துவிடுங்கள். சாதா சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது.

சுவருக்கு எமல்ஷன் அடித்து முடித்து, ஒரு நாளாவது காய்ந்தபிறகு சுவர்ப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரத்தை நகத்தால் அழுத்துங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை: டேப் ஓரத்தில் அதே எமல்ஷனையே மெல்லிசாக ஒரு தடவை இழுத்துவிட்டால், கசிவது சுவர் நிறத்திலேயே கசிந்து இடைவெளியை மூடிவிடும், பின்னால் நிலைக்கு அடிக்கிற எனாமல் உள்ளே போக வழியிருக்காது. எனாமல் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். காயவிட்டால் பெயிண்டும் சேர்ந்து பிய்யும். சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் டேப்பையே மறந்துவிடுங்கள், பொருக்கோடு உரிந்து வரும்.